‘ஆர் சொன்னது?’ – தமிழ் விக்கிப்பீடியாவும் நாங்களும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கத்தார் முதலில் என்னிடம் கேட்டது நீரிழிவைப் பற்றிப் பேசும்படிதான். நாற்பது வயதைத் தாண்டிய பழைய மாணவிகள் கூடும் இடத்தில் அது பொருத்தமான தலைப்பு. ஆனால் நீரிழிவைப் பற்றி உங்கள் எல்லோருக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டும் தேநீர் இடைவேளையில் இரண்டாவது பயற்றம் பணியாரத்துக்குக் கை நீட்டியவர்களை நான் பார்த்தேன். பெயர் சொல்ல மாட்டேன். ஆகவே வேறொரு விடயத்தைப் பேச அனுமதி கேட்டேன். சில வருடங்களாக என் ஓய்வு நேரத்தை எடுத்துக்கொண்டிருக்கும் வேலை அது. தமிழ் விக்கிப்பீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதப் பழகுவது.

ஒரு டொக்டருக்கு ஏன் இந்த வேலை என்று என் கணவர் முதல் பலர் கேட்டுவிட்டார்கள். அதற்கான பதிலை வெளிநோயாளர் பிரிவில் இருந்து தொடங்குகிறேன்.

ஒரு நாள் ஒரு தாய் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். நாய் கடித்து மூன்றாம் நாள். காலில் பச்சிலை அரைத்துக் கட்டியிருந்தது. “ஏன் அம்மா உடனே வரேல்லை?” என்று கேட்டேன். “வீட்டு நாய் கடிச்சால் ஊசி தேவையில்லை எண்டு போனில பார்த்தனாங்கள் டொக்டர்.” “ஆர் சொன்னது?” “ஆரெண்டு தெரியாது. ஆனால் தமிழிலதான் சொன்னவர்.”

பிள்ளைக்கு ஊசி போட்டோம், நன்றாக இருக்கிறான். ஆனால் அந்தக் கடைசி வசனம் என்னை விட்டுப் போகவில்லை. சொன்னவர் யார் என்று அந்தத் தாய்க்குத் தெரியாது. அவர் தமிழில் சொன்னார் என்பதே போதுமான நம்பிக்கையாக இருந்திருக்கிறது. விசர்நாய்க்கடி நோயின் அறிகுறிகள் தொடங்கிவிட்டால் அநேகமாக எவரும் பிழைப்பதில்லை. நாய் கடித்தவுடன் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவிவிட்டு, தாமதிக்காமல் வைத்தியசாலைக்கு வரவேண்டும். இந்த இரண்டு வரி ஆங்கிலத்தில் எங்கே தேடினாலும் கிடைக்கும். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த தாய்க்கு ஒரு பதிலும், தமிழ் மட்டும் வாசிக்கும் தாய்க்கு வேறொரு பதிலும் கிடைக்குமானால், அந்தத் தாயைக் குறை சொல்லிப் பயனில்லை. விடயம் தெரிந்த நாங்கள் தமிழில் என்ன எழுதி வைத்திருக்கிறோம் என்று எங்களைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தமிழில் அறிவைத் திரட்டி வைக்கும் வேலை புதிதல்ல. 1902இல் யாழ்ப்பாணத்தில் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை ‘அபிதானகோசம்’ வெளியிட்டார். 1910இல் சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ வந்தது. பிறகு பெரியசாமித் தூரனை ஆசிரியராகக் கொண்டு சென்னைத் தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் ‘கலைக்களஞ்சியம்’ கொண்டுவந்தது. எங்கள் காலத்தில், 1990களில், ஊரடங்கும் மின்வெட்டுமாக இருந்த நாட்களில், இப்படிப்பட்ட தடித்த புத்தகங்கள் நூலக அலுமாரியில் பூட்டியே இருக்கும். திறப்பு நூலகப் பொறுப்பாசிரியையின் இடுப்பில். கேட்டால் தருவார், கை கழுவிவிட்டு வந்தாயா என்று பார்த்துவிட்டுத்தான் தருவார்.

விக்கிப்பீடியா பூட்டில்லாத அலுமாரி. ஆங்கிலத்தில் 2001 ஜனவரியில் தொடங்கியது. தமிழில் 2003இல் தொடங்கியது. அதைத் தொடக்க காலத்தில் தூக்கி நிறுத்தியவர் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையைச் சேர்ந்த இ. மயூரநாதன். அவர் ஒரு கட்டடக் கலைஞர். ஐக்கிய அரபு இராச்சியத்தில் வேலை செய்துகொண்டு, ஓய்வு நேரங்களில் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு வழங்கியது. 2017இல் தமிழ் விக்கிப்பீடியா ஒரு இலட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. எழுதுபவர் எவருக்கும் சம்பளம் இல்லை. பக்கங்களில் விளம்பரம் இல்லை. வாசிப்பதற்கும் காசு இல்லை.

யாரும் எழுதலாம் என்றால் பொய்யையும் எழுதலாமே என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. நானும் அந்தக் கேள்வியோடுதான் உள்ளே போனேன். ஆகவே அது எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒவ்வொரு பக்கத்தின் மேலும் ‘தொகு’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் எழுத்துக்கள் திறந்துகொள்ளும், மாற்றலாம், சேர்க்கலாம். அதற்குப் பக்கத்தில் ‘வரலாறு’ இருக்கிறது. யார், எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தச் சொல்லை மாற்றினார் என்பது முழுவதும் அங்கே பதிவாகும். எதுவும் மறைவதில்லை. பிழையான மாற்றத்தை இன்னொருவர் ஒரு நிமிடத்தில் பழையபடி மீட்டுவிடலாம். எங்கள் வைத்தியசாலையில் நோயாளியின் கட்டில் தலைமாட்டுக் குறிப்பேட்டில் ஒவ்வொரு தாதியும் நேரம் போட்டுக் கையெழுத்து வைப்பது போலத்தான். ‘உரையாடல்’ என்று இன்னொரு பக்கம் உண்டு. கருத்து வேறுபாடு வந்தால் அங்கே பேசித் தீர்க்க வேண்டும். எல்லோருக்கும் பொதுவான விடயங்களைப் பேச ஒரு பக்கம் வைத்து, அதற்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயரும் வைத்திருக்கிறார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு விதி இருக்கிறது. ‘மெய்யறிதன்மை’ என்று சொல்வார்கள். எழுதிய விடயம் உண்மை என்று எழுதியவருக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. நம்பத்தகுந்த ஒரு நூலிலோ, ஆய்விதழிலோ, பத்திரிகையிலோ, அரச வெளியீட்டிலோ அது இருக்கிறது என்று வாசிப்பவர் போய்ப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வசனத்தின் பக்கத்தில் ‘சான்று தேவை’ என்று சின்ன எழுத்தில் போட்டுவிடுவார்கள். அந்தத் தாயிடம் நான் கேட்ட ‘ஆர் சொன்னது?’ என்ற கேள்வியை ஒரு கலைக்களஞ்சியம் தன் சட்டமாகவே வைத்திருப்பதைக் கண்டபோது எனக்கு அந்த இடம் பிடித்துப்போனது.

நான் பழகிய விதத்தைச் சொல்கிறேன். இளம் பிள்ளைகளுக்கு உதவும். முதல் ஒரு மாதம் எதையும் எழுதவில்லை, வாசித்தேன். அடுத்து ஒரு பயனர் கணக்குத் தொடங்கினேன். ‘மணல்தொட்டி’ என்று ஒரு பக்கம் தருவார்கள். அரிச்சுவடி எழுதப் பழகும் பிள்ளைக்கு மணல் போல, அங்கே எதை எழுதினாலும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. மூன்றாவதாக, மற்றவர்கள் எழுதிய கட்டுரைகளில் எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன். எங்கள் தமிழ் ஆசிரியை சிவப்புப் பேனாவால் சந்திப் பிழை திருத்திய கொப்பிகளை நினைத்துக்கொண்டு செய்தேன். அதன் பிறகு ‘சான்று தேவை’ என்று இருந்த மருத்துவ வசனங்களுக்குச் சான்று தேடிக் கொடுத்தேன். சான்று கிடைக்காத வசனங்களைப் பற்றி உரையாடல் பக்கத்தில் கேட்டேன்.

நான் சேர்த்த முதல் முழு வசனம் மலேரியாவைப் பற்றியது. எங்கள் வகுப்பில் மலேரியாக் காய்ச்சல் வராத பிள்ளைகள் குறைவு. குளோரோக்குயின் குளிசையின் கசப்பு இந்த மண்டபத்தில் பாதிப் பேருக்கு இன்னும் நாக்கில் இருக்கும். அந்த நோய் இலங்கையில் இல்லை என்று 2016 செப்டெம்பரில் உலக சுகாதார அமைப்பு சான்றிதழ் கொடுத்தது. நுளம்பு மருந்து அடித்தவர்கள், இரத்தம் எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தவர்கள், போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகளைத் தாண்டி மருந்து கொண்டுபோனவர்கள் என்று எத்தனையோ பேரின் உழைப்பு அது. அந்த ஒரு வசனத்தை எழுதி, உலக சுகாதார அமைப்பின் அறிவிப்பைச் சான்றாக வைத்து, சேமிக்கும் பொத்தானை அழுத்தினேன். எழுதி முடிக்க இருபது நிமிடம் சென்றது. தமிழ் தெரிந்த எவரும், எந்த நாட்டில் இருந்தும், அந்த வசனத்தை வாசிக்கலாம், எங்கே இருக்கிறது என்று போய்ப் பார்க்கலாம்.

பழகப் பழக எனக்கு விளங்கிய அடுத்த விடயம் சொற்களைப் பற்றியது. தமிழ் விக்கிப்பீடியாவில் தமிழ்நாட்டவர்களும் நாங்களும் புலம்பெயர்ந்தவர்களும் ஒன்றாக எழுதுகிறோம். ஒரு நோய்க்கு ஆளுக்கொரு பெயர். நாங்கள் வயிற்றோட்டம் என்போம், அவர்கள் வயிற்றுப்போக்கு. நாங்கள் செங்கமாரி என்போம். அவர்கள் மஞ்சள் காமாலை. எங்கள் கூகைக்கட்டு அவர்களுக்குப் பொன்னுக்கு வீங்கி. எங்கள் குக்கல் அவர்களுக்குக் கக்குவான் இருமல். எங்கள் விசர்நாய் அங்கே வெறிநாய். இதில் சில வேடிக்கை, சில ஆபத்து. எங்கள் சின்னமுத்து அவர்களுக்குத் தட்டம்மை. அவர்களின் சின்னம்மை எங்களுக்குக் கொப்புளிப்பான். சின்னமுத்தையும் சின்னம்மையையும் ஒன்றென்று நினைத்து வாசிக்கும் தாய் வேறொரு நோயின் பக்கத்தை வாசித்துக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் தமிழ்நாட்டுப் பயனர் ஒருவர் உரையாடல் பக்கத்தில், “வயிற்றோட்டம் என்று நீங்கள் எழுதுவது வயிற்றுப்போக்குத்தானே? இலங்கையில் இப்படி எழுதுவதற்கு அச்சில் ஆதாரம் உண்டா?” என்று மரியாதையாகக் கேட்டார். எங்கள் சுகாதார அமைச்சின் தமிழ்த் துண்டுப்பிரசுரத்தைக் காட்டினேன். அவர் ஏற்றுக்கொண்டார். அதோடு ‘வழிமாற்று’ என்ற வசதியையும் எனக்குச் சொல்லித் தந்தார். கட்டுரைக்குத் தலைப்பு ஒன்றுதான். ஆனால் மற்றச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் பக்கம் திறந்து, அதைத் தேடுபவர் தானாகவே சரியான கட்டுரைக்குப் போகும்படி செய்யலாம். கட்டுரையின் முதல் வசனத்திலும் எல்லாப் பெயர்களையும் சேர்த்து எழுதலாம். ஆகவே எவருடைய சொல்லும் தோற்க வேண்டியதில்லை. மூதூரில் இருக்கும் ஒரு தாய் தன் வாயில் வரும் சொல்லைத் தட்டினாலும் சரியான பக்கம் வரும். இந்தச் சொற்களை எல்லாம் அறிந்தவர்கள் யார்? அகராதிக்காரர்களை விட அம்மம்மாமாரும், குடும்பநல உத்தியோகத்தர்களும், எங்கள் தாதிமாரும்தான்.

தமிழில் மருத்துவம் எழுத முடியுமா என்று சிலர் சந்தேகப்படுவார்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைக் கற்பித்தார். 1860களில் அதைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். ‘இரணவைத்தியம்’ 1867இலும் ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இலும் அச்சாயின. நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பு தமிழில் படித்துப் பலர் டொக்டராக வந்திருக்கிறார்கள். முடியுமா என்ற கேள்விக்கு மானிப்பாய் அப்போதே பதில் சொல்லிவிட்டது.

இங்கே மருத்துவத்துறைத் தங்கைமாருக்கு மூன்று எச்சரிக்கைகள். ஒன்று, விக்கிப்பீடியாவில் நீங்கள் டொக்டர் என்று சொன்னால் ஒருவரும் எழும்பி நிற்க மாட்டார்கள். இருபது வருட அனுபவம் அங்கே சான்றாகாது. புத்தகத்தைக் காட்டு என்றுதான் கேட்பார்கள். அது எங்களுக்கு நல்ல பயிற்சி. இரண்டு, நோயாளியின் கதை ஒரு வரி கூட அங்கே போகக்கூடாது. மூன்று, விக்கிப்பீடியா மருந்துச் சிட்டை அல்ல. நோய் என்ன, எப்படிப் பரவும், எப்போது வைத்தியசாலைக்குப் போகவேண்டும் என்று விளக்குவதோடு நிற்கும். கட்டுரையை வாசித்துவிட்டு இன்சுலினை நிறுத்துகிறவர்கள் இருப்பார்கள் என்பதை மனதில் வைத்துத்தான் ஒவ்வொரு வசனத்தையும் எழுதவேண்டும்.

மாணவச் செல்வங்களுக்கும் ஒரு சொல். நீங்கள் இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு ஒப்படை எழுதுகிறீர்கள் என்பது ஆசிரியைகளுக்குத் தெரியும். அந்த இயந்திரங்கள் படித்துப் பழகிய நூல்களில் விக்கிப்பீடியாவும் ஒன்று. தமிழில் நல்ல கட்டுரை குறைவாக இருந்தால் அவை தமிழில் சொல்லும் பதிலும் அந்தளவுக்குத்தான் இருக்கும். இயந்திரம் எழுதித் தந்ததை அப்படியே கொண்டுபோய் விக்கிப்பீடியாவில் ஒட்டவும் கூடாது. அதனிடமும் ‘ஆர் சொன்னது?’ என்று கேளுங்கள். அது காட்டும் புத்தகம் உண்மையில் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள்.

இனி இந்த மண்டபத்தில் இருக்கும் எல்லோருக்கும் உரிய பகுதிக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன்.

விக்கிமீடியா நிறுவனம் 2011இல் செய்த ஓர் ஆய்வில், உலகம் முழுவதும் விக்கிப்பீடியாவில் எழுதுபவர்களில் பெண்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு என்று கண்டார்கள். எழுதுபவர்களில் பெண்கள் குறைவென்றால் எழுதப்படும் பெண்களும் குறைவாகத்தான் இருப்பார்கள். 2018 ஒக்டோபரில் கனடாவைச் சேர்ந்த டொனா ஸ்ட்ரிக்லண்டுக்குப் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, ஆங்கில விக்கிப்பீடியாவில் அவருக்கு ஒரு பக்கம் இருக்கவில்லை. அதே வருடம் மே மாதத்தில் யாரோ எழுதிய வரைவு ஒன்று, போதிய சான்று இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானிக்கே அந்த நிலை என்றால், திருகோணமலையில் முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்த ஒரு ரீச்சருக்கு?

எங்கள் ஊரையே பாருங்கள். திருகோணமலையில் பிறந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் ‘மோகனாங்கி’ நாவலை அச்சிட்டார். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று அதைச் சொல்கிறார்கள். பெண் விடுதலையைப் பற்றித் ‘தத்தைவிடு தூது’ எழுதியவரும் அவர்தான். 1902இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். நூறு வருடங்களுக்குப் பின்னும் அவரைப் பற்றிக் கட்டுரை எழுத முடிகிறது; ஏனென்றால் அவர் எழுதியது அச்சில் இருக்கிறது. எழுத்தாளர் ந. பாலேஸ்வரி அவர்களைப் பற்றியும் எழுத முடியும். அவருடைய நாவல்கள் நூலாக வந்திருக்கின்றன. ஆனால் அதே காலத்தில் இந்த ஊரில் பிரசவம் பார்த்த மருத்துவமாதர், பெண் பிள்ளைகளைப் படிக்க அனுப்புங்கள் என்று வீடு வீடாகப் போன ஆசிரியைகள், 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் வந்த அன்று பாடசாலைகளைத் திறந்து அடுப்பு மூட்டிய பெண்கள், இவர்களைப் பற்றி எந்தப் புத்தகத்தைக் காட்டுவது?

என் அம்மம்மா உட்துறைமுக வீதிப் பக்கம் வளர்ந்தவர். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் குண்டு போட்டபோது அவர் சிறுமி. வானத்தில் கறுப்புப் புகை எழும்பியதையும், அடுப்பில் இருந்த கஞ்சியை அப்படியே விட்டுவிட்டு ஓடியதையும், ஊர்ப் பெண்கள் கைக்குழந்தைகளோடு காட்டுப் பக்கம் போய் இருந்ததையும் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். எந்தக் கப்பல் தாண்டது, எத்தனை விமானங்கள் வந்தன என்பதெல்லாம் பிரித்தானியக் கடற்படைப் புத்தகங்களில் இருக்கிறது. அன்று மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய ‘ஹேர்மிஸ்’ கப்பலைப் பற்றிப் பல பக்கங்கள் இருக்கின்றன. துறைமுகத்துக்குப் பக்கத்தில் வாழ்ந்த தமிழ், முஸ்லிம், சிங்களப் பெண்கள் அந்த நாளில் என்ன செய்தார்கள் என்பது அம்மம்மாமாரின் வாயில் மட்டும்தான் இருந்தது. அம்மம்மா சொன்னார் என்று நான் விக்கிப்பீடியாவில் எழுத முடியாது. அம்மம்மா பொய் சொல்ல மாட்டார்தான். ஆனால் வாசிப்பவர் அவரிடம் போய்க் கேட்க முடியாதே.

இந்த விதி அநியாயம் என்று சில நேரம் தோன்றும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. எத்தனையோ குடும்பங்கள் இடம்பெயர்ந்தபோது உறுதியையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு, படங்களையும் கடிதங்களையும் விட்டுவிட்டு ஓடின. அச்சில் குறைவாக இருக்கும் சமூகத்திடம் அச்சுச் சான்று கேட்பது, வெள்ளம் கொண்டுபோன வீட்டில் பற்றுச்சீட்டுக் கேட்பது போல. இருந்தாலும் அந்த விதியைத் தளர்த்தச் சொல்லி நான் கேட்க மாட்டேன். தளர்த்தினால், நாய் கடிக்குப் பச்சிலை போதும் என்று சொன்னவருக்கும் அதே கதவால் உள்ளே வர உரிமை கிடைத்துவிடும். நாங்கள் செய்யவேண்டியது வேறு. இன்னும் எங்களோடு இருக்கும் ஞாபகங்களை அச்சில் ஏற்றவேண்டும்.

அதற்குப் பொருத்தமான இடம் இந்த மலர்தான். நூற்றாண்டு மலர் என்றால் வாழ்த்துச் செய்திகளும் குழுப் படங்களும் என்று நாங்கள் பழகிவிட்டோம். ஆனால் ஐம்பது வருடங்களுக்குப் பின் யாராவது இந்த ஊரின் பெண் கல்வியைப் பற்றி எழுத வந்தால், இது அவர்கள் காட்டக்கூடிய சான்று. ஆகவே மலருக்கு எழுதுகிறவர்களிடம் சில வேண்டுகோள்கள்.

“அந்தக் காலத்தில்” என்று எழுதாதீர்கள், ஆண்டைப் போடுங்கள். “பெரிய ரீச்சர்” என்று மட்டும் எழுதாதீர்கள். முதலெழுத்தோடு முழுப்பெயரையும், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை படிப்பித்தார் என்பதையும் எழுதுங்கள். திருமணத்துக்கு முந்திய பெயரையும் சேர்த்துப் போடுங்கள். பெண்களின் பெயர் பாதியில் மாறுவதால் எத்தனையோ பேர் வரலாற்றில் இரண்டு பேராகவோ, ஒருவரும் இல்லாமலோ போய்விடுகிறார்கள். படத்தின் கீழே இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதுங்கள். தெரிந்தவர்கள் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். நேரில் கண்டதைக் கண்டேன் என்றும், கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டேன் என்றும் எழுதுங்கள். வயது போன அக்காமார் எழுதக் கஷ்டப்பட்டால், இளம் பிள்ளை ஒருத்தி பக்கத்தில் இருந்து கேட்டு எழுதட்டும்.

மலர் அச்சானதும் சங்கத்தார் ஒரு பிரதியைத் தேசிய நூலகத்துக்கும், ஒரு பிரதியை நகரப் பொது நூலகத்துக்கும் கொடுக்கவேண்டும். இன்னொரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்கு அனுப்பவேண்டும். 2005இல் தொடங்கிய அந்த எண்ணிம நூலகம், இலங்கைத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் பாடசாலை மலர்களையும் மின்வருடி இணையத்தில் வைக்கிறது. எரிக்க முடியாத நூலகம் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். வீட்டுப் பரணில் கிடக்கும் எங்கள் பழைய மலர்களையும் அவர்களுக்குக் கொடுக்கலாம். இப்படி ஞாபகம் மலருக்கும், மலர் நூலகத்துக்கும் போனால்தான், அங்கிருந்து ஒருவர் எடுத்து விக்கிப்பீடியாவில் எழுதமுடியும்.

ஒரு கவனம். எங்கள் பாடசாலையைப் பற்றிய பக்கத்தில் நாங்களே புகழ்மாலை சூட்டக்கூடாது. தன் வீட்டைப் பற்றித் தானே எழுதுவதை அங்கே விரும்ப மாட்டார்கள்; நியாயம்தான். தகவலையும் சான்றையும் உரையாடல் பக்கத்தில் வைத்தால் வேறொருவர் சரிபார்த்துச் சேர்ப்பார். நாங்கள் எழுதுவதற்கு ஊரில் வேறு விடயங்கள் நிறைய இருக்கின்றன. கன்னியா வெந்நீர்க் கிணறுகள், கொட்டியாரக் குடா, எங்கள் மீனவர்களின் வலை வகைகள், நிலாவெளிக் கடற்கரையின் செடிகள் என்று பட்டியல் நீளும். எழுதத் தயங்குகிறவர்கள் தாங்களே எடுத்த படங்களை விக்கிமீடியா பொதுவகத்துக்குக் கொடுக்கலாம். இணையத்தில் கண்ட பிறர் படத்தை எடுத்துக் கொடுப்பது களவு.

கடைசியாக ஒரு செயல்திட்டம். வைத்தியர்கள் திட்டம் இல்லாமல் பேச்சை முடிக்க மாட்டார்கள். அதிபர் அவர்கள் கணினி அறையை மாதத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் தர இசைந்திருக்கிறார். நான் கடமையில் இல்லாத சனிக்கிழமையாகப் பார்த்து வருவேன். உயர்தர மாணவிகளும் பழைய மாணவிகளும் சோடி சோடியாக இருக்கவேண்டும். பிள்ளைக்குத் தட்டச்சுத் தெரியும். அக்காவுக்கு விடயம் தெரியும். முதல் வருடத்தில் நோய்களின் எங்கள் ஊர்ப் பெயர்கள் நூறைச் சான்றோடு சேர்ப்போம். நாய்க்கடி, பாம்புக்கடி, டெங்கு, வயிற்றோட்டம், பிரசவகாலப் பராமரிப்பு ஆகிய ஐந்து பக்கங்களை வரிக்கு வரி வாசித்து, சான்று இல்லாததற்குச் சான்று தேடுவோம். அதோடு இந்த ஊரின் ஐந்து பெண்களைப் பற்றி, அச்சில் ஆதாரம் உள்ளவர்களாகத் தேர்ந்து, ஐந்து கட்டுரைகள் எழுதுவோம். ஆதாரம் இல்லாத பெண்களின் பெயர்களை வேறொரு கொப்பியில் எழுதி வைப்போம். அந்தக் கொப்பி அடுத்த மலருக்கான பட்டியல்.

கணினி தெரியாதே என்று பின்வரிசையில் யாரோ மெல்லச் சொன்னது கேட்டது. பேரப்பிள்ளைகளோடு வீடியோ அழைப்பில் மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள் இந்தச் சாட்டைச் சொல்லக்கூடாது. கண்ணாடியை மட்டும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.

 முதலாவது சனிக்கிழமைக்குப் பெயர் கொடுக்கும் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. பேனாவும் வைத்திருக்கிறேன்.